கிழிந்த திரைப்படச் சுவரொட்டிகளும் ஒளிப்படக் கலையும்

வெயிலிலும் மழையிலும் நைந்த சுவர்களையும், அவற்றில் எஞ்சியிருக்கும் திரைப்படச் சுவரொட்டிகளையும் ஒளிப்படமாகப் பதிவு செய்வது ஆவண ஒளிப்படக் கலையின் ஒரு வகையாகும். பழைய திரைப்படங்களுக்குச் செலுத்தும் மரியாதையாகவும் இது அமைகிறது.

உலகில்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1930களின் தொடக்கத்திலேயே கிழிந்த திரைப்படச் சுவரொட்டி ஒன்றைப் படமெடுத்தார். பாரிசில் பிராசாய் சுவர்க் கீறல்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமாக்கினார். இத்தாலியரான மிம்மோ ரொட்டெல்லா (1918–2006) தெருச் சுவர்களிலிருந்து உரித்தெடுத்த சுவரொட்டிகளையே ஓவியங்களாக்கினார். 1960களில் அவர் திரைப்படச் சுவரொட்டிகளைக் கொண்டு உருவாக்கிய படைப்புகளுக்கு, உரோமின் புகழ்பெற்ற படப்பிடிப்பு வளாகமான 'சினேசித்தா'வின் பெயரைச் சூட்டினார்.

சுவரொட்டி சிதையும் விதம்

தமிழ்நாட்டின் திரைப்படச் சுவரொட்டிகள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. பெரிய சுவரொட்டிகள் பல தாள்களாக அச்சிடப்பட்டு, மைதா பசையால் சுவரில் சேர்த்து ஒட்டப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதால் நாளடைவில் தாள் அடுக்குகள் தடிக்கின்றன. மழையில் பசை இளகி மேல்தாள் உரியும்போது, அடியிலுள்ள பழைய படத்தின் முகம் வெளிப்படும்.

அச்சில் பயன்படும் நான்கு மைகளுள் மஞ்சளும் சிவப்பும் வெயிலில் விரைவாக வெளுக்கும். நீலமும் கறுப்பும் நெடுநாள் நிற்கும். பழைய சுவரொட்டிகளில் நடிகர்களின் முகங்கள் நீலம் பாரித்துத் தெரிவது இதனால்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி வழியாகச் செல்லும் அரக்கோணம் இரயில் பாதை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகியவற்றை ஒட்டிய நீண்ட மதிற்சுவர்கள் இத்தகைய பதிவுக்கு ஏற்றவை. ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்கள் பல உள்ளன. தடை செய்யப்பட்ட அத்தகைய இடங்களைப் படமெடுப்பது குற்றமாகும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பொது இடங்களின் தோற்றம் சிதைக்கப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. சுவர்களைத் தூய்மையாக்கி வண்ணம் பூசும்போது பழைய சுவரொட்டிகள் மறைகின்றன. நகரின் தூய்மைக்கு அது தேவை. ஆயினும் மறைவதற்குமுன் எடுத்த படம் மட்டுமே பின்னாளில் சான்றாக மிஞ்சும்.

பதிவின் தேவை

ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' என்னும் மௌனப் படமும், 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படமும் இன்று கிடைப்பதில்லை. அவற்றைப் பற்றி அறிய விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள் போன்ற தாள்களே உதவுகின்றன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கப்பட்டது. 1961இல் திறக்கப்பட்ட சென்னை சாந்தி திரையரங்கு 2016இல் மூடப்பட்டது. படமும் அரங்கும் மறைந்தபின், தெருவில் அவை இருந்ததற்கான அடையாளம் இந்தச் சுவர்களே.

படமெடுக்கும் முறை

1. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தாளின் மடிப்பும் சுவரின் வெடிப்பும் தெளிவாகத் தெரியும். வண்ணம் சரியாகப் பதிய மேகமூட்டமான பொழுதே நல்லது.
2. சுவருக்கு நேர் எதிரே நின்று ஒரு படமும், சுற்றுப்புறம் தெரிய மற்றொரு படமும் எடுக்க வேண்டும்.
3. அழகுக்காகச் சுவரொட்டியைக் கிழிக்கவோ உரிக்கவோ கூடாது.
4. இடம், நாள், படத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இக்குறிப்பு இல்லாத படம் அழகாக இருக்கலாம். ஆவணமாகப் பயன்படுவது அரிது.