பேட்டரி மீது பழி போடும் முன்…

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆயர் குரோவில் இரவு வேலை முடித்து புக்கிட் ஆசாஹானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் அண்ணன் மகளின் கார், செம்பனைக் காட்டுப் பாதையில் நின்றுவிட்டது. நல்ல மழை. முதலில் வைப்பர் மெதுவானது, அப்புறம் முன்விளக்கு மங்கியது, கடைசியில் இன்ஜினே அடங்கிவிட்டது. "சித்தப்பா, புது பேட்டரி போட்டு மூனு மாசம்கூட ஆகல" என்று அழாத குறையாகப் போனில் சொன்னாள். ஆறு மாதத்தில் அது இரண்டாவது பேட்டரி!

மறுநாள் ஜாசினில் தெரிந்த வயர்மேன் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் குற்றமில்லை. அதற்குச் சார்ஜ்தான் போகவில்லை.

காருக்கு மின்சாரம் தருவது பேட்டரி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்டார்ட் ஆகும்வரைதான் அதன் வேலை. பிறகு விளக்கு, ஏர்கோன், வைப்பர் எல்லாவற்றையும் தாங்கி, பேட்டரிக்கும் ஊட்டுவது ஆல்டர்னேட்டர். இன்ஜின் பெல்ட் அதைச் சுற்றுகிறது. உள்ளே சுழலும் ரோட்டருக்குச் சிறிது மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகிறது. சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்குகின்றன.

இன்ஜின் வேகம் ஏறினால் வோல்ட்டும் எகிற வேண்டுமல்லவா? அங்குதான் ரெகுலேட்டர் வருகிறது. தண்ணீர்த் தொட்டி மிதவை மாதிரி அது. வோல்ட் ஏறினால் ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் பிடித்து வைக்கும்.

மோரிஸ் மைனர் காலத்து டைனமோவுக்கு இந்தத் தெம்பு கிடையாது. கார் நின்று உறுமும்போது விளக்கு மங்கும். 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய பிறகுதான் அது மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்தது.

அந்தப் பழைய காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "நிக்கலையே, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு தாவலாம். இன்றைய காரின் கம்ப்யூட்டர் போனால், பேட்டரி விலையெல்லாம் ஒரு விலையே இல்லை.

இருபது, முப்பது ரிங்கிட்டுக்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போதும் 13-ஐத் தாண்டவில்லையா? பெல்ட், டையோடு, பிரஷ் இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். 15-க்கு மேல் நின்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரி உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆனால் சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே எரிபொருளைச் சேமிக்க வோல்ட்டை வேண்டுமென்றே இறக்கும். அவற்றில் ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பேட்டரி வடியும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எத்தனை வீட்டு வாசலில் கார் 'செத்து' நின்றது! கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஐந்து நிமிடம் ஓடும் கார்களுக்கும் இதே கதிதான். ஈய அமில பேட்டரியின் கடைசிப் பங்கு மிக மெதுவாகத்தான் நிரம்பும். அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும்.

அண்ணன் மகளின் காரில் தேய்ந்திருந்தது பிரஷ். விரல் நுனி அளவு கரித்துண்டு. ரோட்டருக்கு மின்சாரம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முன்பே ஏதும் தெரியவில்லையா என்று கேட்டேன். "பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் ரெண்டு தடவை மின்னிச்சு, புது பேட்டரிதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். அந்த விளக்கு சொல்வது பேட்டரியைப் பற்றி அல்ல, சார்ஜ் ஏறவில்லை என்பதை.

ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றவில்லை. பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் சேர்ந்த சிறு பாகத்தை மட்டும் மாற்றினார் வயர்மேன். இப்போது டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டரும் இருக்கிறது. போன வாரம் எனக்குப் படம் அனுப்பினாள்: 14.2.