பழம்படங்களில் நம் மனையும் தோட்டமும்

பழைய நிழற்படம் கைக்கு வந்தால் அதிலுள்ள முகங்களையே முதலில் தேடுகிறோம். இன்னார் பாட்டனார், இன்னார் அத்தை என்று சொல்லி முடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். அம்முகங்களுக்குப் பின்னே நிற்கும் வீட்டையும் தோட்டத்தையும் நோக்குவோர் சிலரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் சிற்றூர்களில் மின்விளக்கு இல்லை. வெளிச்சம் வேண்டிக் குடும்பத்தாரை முற்றத்திலே அமர்த்திப் படமெடுத்தனர். அதனால் கூரையும் திண்ணையும் கிணறும் பலாவும் அழையா விருந்தினராய்ப் படத்துள் புகுந்தன. இன்று நமக்கு வரலாறு சொல்பவை அவையே.

திருவிதாங்கூர் அரசின் படப்பிடிப்பாளராயிருந்த சக்கரியாஸ் டிக்ரூஸ் 1900-ஆம் ஆண்டளவில் எடுத்த படங்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் படங்கள் உண்டு. எனினும் முன்னவை பெரும்பாலும் அரண்மனை, பொதுக் கட்டடம், இயற்கைக் காட்சி என்பனவற்றையே காட்டுகின்றன. பின்னவற்றில் மக்கள் தத்தம் குலத்தின் மாதிரிகளாக நிறுத்தப்பட்டனர். பாறசாலைப் பக்கத்துப் புரையிடம் ஒன்றில் நின்ற எளிய ஓலைவீட்டை அங்கே தேடிப் பயனில்லை. அது நம் பெட்டிகளில்தான் இருக்கும்.

படத்தில் முதலிற் காணவேண்டியது கூரை. மங்களூரில் பாசல் மிஷனாரின் ஓட்டுத் தொழிற்சாலை 1865-இல் எழுந்தது. அவ்வகை ஓடு பின்னர் மேற்குக் கரையெங்கும் பரவிற்று. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஓடு வேய்தலும் மாடி எழுப்புதலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மறுக்கப்பட்டிருந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, தடையை மீறி 1893-இல் பொதுவழியில் வில்வண்டியேறிச் சென்றார். ஆகவே ஒரு வீட்டின் ஓடு, செல்வத்தின் அடையாளமாக மட்டுமன்றி, பெற்ற உரிமையின் சான்றாகவும் இருத்தல் கூடும்.

அடுத்துத் தோட்டம். பனை நிற்கிறதா, தென்னையா? முருக்கில் மிளகுக்கொடி படர்ந்துள்ளதா? துலாக் கிணறும் வைக்கோற்போரும் தெரிகின்றனவா? அக்குடும்பம் எதை நம்பி வாழ்ந்தது என்பதை இவை கூறும்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு அப்புறமும் தங்கை வீடு இப்புறமும் ஆயின. படம் ஒருவரிடமும் அதிலுள்ளோர் பெயர் மற்றவர் நினைவிலும் தங்கிவிட்டன. அந்நினைவுடைய முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

முகவரிச் சீட்டு இல்லாத சரக்குப் பொதி உரியவரைச் சேராது. இரயில் நிலைய அலுவலில் யாம் நன்கறிந்த உண்மை இது. பெயரில்லாப் படமும் அத்தகையதே. பொழிச்சலான பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் ஒரு படி எடுத்து, எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர்க்கு அனுப்பிக் கேளுங்கள். ஆள், வீடு, விளை ஆகியவற்றின் பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பசை தடவி ஒட்டவேண்டா. ஈரச்சுவரில் மாட்டாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் அணுகாமற் பாருங்கள்.

ஓணத்திற்கோ பொங்கலுக்கோ உறவினர் கூடும்போது பெட்டியைத் திறந்து பாட்டிமார் முன் வையுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரும் அப்போதே எழுதப்படுவதாக.