உடைந்தால்தான் நல்லது! மாதிரிப் படகைக் காப்பாற்றும் குட்டி பின்

லண்டன் விக்டோரியா பார்க்கில், நீராவியில் ஓடும் மாதிரிப் படகுகளுக்காக 1904-லேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். இன்று பேட்டரி, ரிமோட் என்று காலம் மாறிவிட்டது. ஆனால், குளத்தில் இந்தப் படகுகளுக்குக் காத்திருக்கும் எதிரி மட்டும் மாறவில்லை. அது பாசி!

புரொப்பல்லரில் பாசியோ நூலோ சுற்றிக்கொண்டால் அது சுழலாமல் நின்றுவிடும். மோட்டாரோ விடாமல் திருகப் பார்க்கும். மின்சாரம் எகிறும், சில நொடிகளிலேயே மோட்டார் புகைந்துவிடலாம்.

இதைத் தடுக்கத்தான், மோட்டாரையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கில் சிலர் 'ஷியர் பின்' வைக்கிறார்கள். பித்தளை போன்ற மென்மையான உலோகத்தில் செய்த மெல்லிய குச்சி இது. சுமை கூடினால் முதலில் இதுதான் உடையும். மோட்டார் தப்பிக்கும். வீட்டில் ஃபியூஸ் செய்யும் அதே வேலை!

உடையாமலே காணாமல் போனால்?

சிக்கல் என்னவென்றால், ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது பின் தானாகவே நழுவி வெளியே விழுந்துவிடும். மோட்டார் ஓடும், படகு நகராது.

இதற்கு எளிய வழி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எலெக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கும். பின்னின் இரு முனைகளும் மூடும்படி கப்ளிங் மீது மாட்டிச் சூடு காட்டினால், சுருங்கி இறுக்கிக்கொள்ளும். பின் உடைந்தால் ஸ்லீவை பிளேடால் கீறி எடுத்துவிட்டு, புது பின் போடலாம். இறுக்கமான சிலிகான் குழாய்த் துண்டும் உதவும்.

இதைச் செய்யாதீர்கள்

* அடிக்கடி உடைகிறதே என்று இரும்பு ஆணியைச் செருகாதீர்கள். ஃபியூஸில் தடித்த கம்பி போடுவதற்குச் சமம் அது.
* வலுவான பசை ஊற்றி ஒட்டாதீர்கள். உடைந்த துண்டை வெளியே எடுக்கவே முடியாது.
* பேட்டரியைக் கழற்றாமல் புரொப்பல்லரைத் தொடாதீர்கள்.

பின் திரும்பத் திரும்ப உடைந்தால் பின்னைக் குறை சொல்ல வேண்டாம். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமான ஒன்று. படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டால், குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். காற்றடித்தால் படகு தானே கரை ஒதுங்கலாம். இல்லையென்றால், பந்தில் நீளமான கயிறு கட்டி படகைத் தாண்டி வீசி, மெதுவாக இழுக்கலாம்.

உடைந்த பின்னுக்கு மாற்று உண்டு. உயிருக்கு இல்லை!