எஞ்சின் இல்லாத வண்டிக்கும் எண் உண்டு

விடியற்காலையில் பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் போனால், தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே பறவைகளின் சத்தம் காதில் விழும். நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் பாலாறு இங்கே தேங்கித்தான் மேற்கொண்டு போகிறது. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். உடைந்து கிடந்த ஏரிக்கரையை 10-ஆம் நூற்றாண்டில் நொளம்ப அரசன் இரிவ நொளம்பன் மீண்டும் கட்டினான் என்கிறது கல்வெட்டு. எங்கள் கோலார் தங்கவயலின் குழாய்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தண்ணீர் அனுப்பியதும் இந்த ஏரிதான்.

இந்தக் கரையில் ஒரு ராத்திரி சொந்தக் கூரைக்குக் கீழே படுக்க வேண்டும் என்பது என் சித்தப்பாவின் ஆசை. தங்கச் சுரங்கத்தின் பட்டறையில் பிட்டராக இருந்தவர். குடியிருந்தது லைன் வீடு, அதாவது கம்பெனி வீடு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அடுத்த சில வாரங்களில் கையில் வந்த பணத்திலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து, காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஜீப் டிரெய்லரை இழுத்து வந்தார். "வீடுதான் கம்பெனியுது. சக்கரமாவது நம்மளுதா இருக்கட்டும்டா" என்றார்.

அதைக் கேரவனாக்குவதுதான் அவர் எண்ணம். கேரவன் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வேன். கொஞ்சம் வயதானவர்களுக்கு, 1982-ல் என்.டி. ராமராவ் ஆந்திரா முழுக்கச் சுற்றிய 'சைதன்ய ரதம்' நினைவுக்கு வரும். ஒரு பழைய செவர்லே வேனை மாற்றிக் கட்டியது அது; ஓட்டியவர் அவருடைய மகன் ஹரிகிருஷ்ணா. இரண்டுமே எஞ்சினும் வீடும் ஒரே உடம்பில் இருப்பவை. சித்தப்பா ஆசைப்பட்டது வேறு. காரோ ஜீப்போ இழுத்துப் போக, போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, அதற்குள் படுத்துக்கொள்ளும் இழுவை வீடு. மாட்டுக்குப் பதிலாக ஜீப் பூட்டிய கூண்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இந்த வகைக்குப் பெரிய பெயர் ஏர்ஸ்ட்ரீம். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த, முட்டை போன்ற வெள்ளி வண்டி. அதை உருவாக்கிய வாலி பயம் தம் வாடிக்கையாளர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு விட்டு நாடு அழைத்துப் போனவர். அவர் 1962-ல் இறந்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் கிளம்பி 1964-ல் லிஸ்பனில் முடிந்த அவர்களுடைய உலகப் பயணம் இந்தியா வழியாகவும் போனது. அந்த வண்டிகள் இங்கே தங்காமல் போய்விட்டன. நம் ஊரில் வாங்கக் கிடைக்கும் பழைய டிரெய்லர் பெரும்பாலும் விவசாய டிராக்டருடையது. அதிர்ஷ்டம் இருந்தால் ராணுவத்தினுடையது.

சித்தப்பா கொண்டுவந்தது ராணுவ வகை. இதற்கு ஒரு கதை உண்டு. 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி முதல் ஜீப்பைச் செய்து கொடுத்தது பென்சில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறிய கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. ஜீப்பைப் பெற்றெடுத்த பாண்டத்துக்கு, ஜீப்புக்குப் பின்னால் ஓடும் கால் டன் டிரெய்லரைச் செய்யும் வேலை மிஞ்சியது. அதையும் அவர்கள் அக்கறையாகச் செய்தார்கள். ஜீப்பின் அதே சக்கரம், அதே டயர். தொட்டி தண்ணீர் புகாதது, ஆற்றில் மிதக்கும். உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்கத் தரையில் மூடி போட்ட ஓட்டைகள். உள்ளளவு சுமார் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். பின்னால் பல நாட்டு ராணுவங்களும் இதே அச்சில் டிரெய்லர்கள் செய்துகொண்டன.

பட்டறை வேலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. சுரங்கம் ஒரு பக்கம், 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை மறு பக்கம். இரும்பைக் கையால் தட்டியே அதன் ஆயுளைச் சொல்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். சித்தப்பாவின் சிநேகிதர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார்கள். பழைய டிரெய்லரை எப்படிப் பார்ப்பது என்பதை நான் கற்றது அந்த ஞாயிறுகளில்தான்.

பெயின்ட்டைப் பார்க்கவே கூடாது. முதலில் சேசிஸுக்கு அடியில் படுக்க வேண்டும். இழுகொக்கி சேசிஸோடு சேரும் மூலையில்தான் பாரம் முழுக்க இறங்குகிறது; முடி போன்ற விரிசல் இருந்தாலும் அங்கேதான் இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், உள்ளே துரு தின்ற இரும்பு மரக்கட்டை போல ஒலிக்கும். பிறகு கமான் பட்டைகள்: ஒரு பட்டை ஒடிந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டுக் கமானில் கையை வைத்தால், தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு உள்ளங்கையில் தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், வயதான டயர் வேகத்தில் வெடிக்கும். நின்றே கிடந்த டிரெய்லர்களில் இது அடிக்கடி நடப்பது.

கூடு போட்ட வண்டியாக இருந்தால் எதிரி தண்ணீர். ஜன்னல் ஓரம், கூரை மூலை, ஆணி போன ஓட்டை, எதன் வழியாகவும் அது இறங்கும். இறங்கிய இடத்தில் தெரியாது, நாலடி தள்ளித் தரைப் பலகையை ஊறவைக்கும். மூலைகளில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை அமுங்கினால் தரை மொத்தமும் போயிற்று என்றே விலை பேச வேண்டும். புதிதாகத் தகடு போடும்போது ஓடு வேய்வது போல மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் பொடிந்துபோகும். நடுவில் ரப்பர் வாஷர் கட்டாயம். உள்ளே காஸ் அடுப்பு வைப்பவர்கள் தரை மட்டத்தில் காற்றுத் துளை விட வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். சாத்திய கூட்டுக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. இதை மட்டும் நான் யாரிடமும் கெஞ்சியாவது சொல்வேன்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. சுமையில் பாதிக்கு மேல் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கொக்கியில் இறங்கும் எடை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. வீட்டு எடை மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்தே சின்ன டிரெய்லருக்கு இதைப் பார்த்துவிடலாம். பின்பாரம் கூடினால் வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்பு போல ஆடும், இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டும்.

ஆறு மாதத்தில் சித்தப்பாவின் டிரெய்லர் புது மணப்பெண் போல நின்றது. கமான் மாற்றியாகிவிட்டது, லேத்தில் கடைந்த புது புஷ், பச்சை பெயின்ட். யாரோ ஒருவர் கேட்டார், "ஆர்.சி. எங்கேண்ணே?"

"இதுக்கு எஞ்சினே இல்ல, எதுக்குப்பா ஆர்.சி.?"

இந்தக் கேள்வியில்தான் எத்தனையோ பேருடைய உழைப்பு கவிழ்ந்திருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. 61-ஆவது பிரிவு இன்னும் தெளிவு: டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், அதன் எண் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் முதுகில் இருக்க வேண்டும். ஒரு டிரெய்லர் இரண்டு எண்களைச் சுமந்துதான் ரோட்டில் போகலாம்.

எண் வாங்க முதலில் சேசிஸ் எண் வேண்டும். சித்தப்பாவுடையதில் அந்தத் தகடே இல்லை. விற்றவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பதிவு அலுவலகத்தில் முடியாது என்றார்கள், அவர்கள் சொன்னது சரியும்கூட. எண் இல்லாத இரும்பு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு எண்ணைப் பொறித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அது குற்றம். சித்தப்பா அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47-ஆவது விதியை வாங்குவதற்கு முன் ஒரு தடவை படித்துவிட வேண்டும் என்பேன். டிரெய்லர் என்றால் அதன் வடிவமைப்புக்கு மாநிலப் போக்குவரத்து அதிகாரிகள் தந்த ஒப்புதலின் நகல் வேண்டும் என்கிறது அது. ராணுவத்திலிருந்து கழித்த வண்டி என்றால், உரிய அதிகாரி தந்த படிவம் 21 விற்பனைச் சான்றிதழ் அசலாக வேண்டும். ஏற்கெனவே பதிவான டிரெய்லர் என்றால் வேலை சுலபம்: ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, 29, 30 படிவங்களில் பெயர் மாற்றலாம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வாங்கிக் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்தால் அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும்.

பழம்பெரும் வாகனங்களுக்கென்று 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு எண். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. நண்பர்கள் சந்தோஷமாகப் போன் செய்தார்கள். படித்துப் பார்த்தால் அது இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் மட்டுமானது, டிரெய்லர் அதில் இல்லை. பழைய டிரெய்லர்களைச் சேகரிப்பவர்கள் இங்கே குறைவு என்பதால் விட்டிருக்கலாம். ஆனாலும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. காயலான் கடைகளில் காஸ் கட்டிங்குக்குக் காத்திருப்பவை எல்லாம் பழைய கார்கள் மட்டுமில்லையே.

கூடு கட்டுவதிலும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் சொன்ன அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே சரக்கு டிரெய்லராகப் பதிவானதன்மேல் இஷ்டத்துக்கு ஜன்னலும் கூரையும் பற்றவைத்து ரோட்டில் இறக்க முடியாது. எஞ்சினோடு கூடிய கேரவன் கட்ட விரும்புகிறவர்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. ஒப்புதல் பெற்ற கட்டுமானக்காரரிடம் போவதே வழி.

சித்தப்பாவின் அந்த முதல் டிரெய்லர் ரோட்டுக்கு வரவே இல்லை. வீட்டுப் பின்புறத்தில் மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்தார் சித்தி. நல்ல கமான், நல்ல பேரிங், எல்லாம் மண்ணுக்கடியில். எனக்கு அது பார்க்கப் பொறுக்காது.

பல வருஷம் கழித்து இரண்டாவது ஒன்று கிடைத்தது, ராணுவ ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து. இந்த முறை சித்தப்பா சுத்தியலை எடுத்துப் போகவில்லை. கண்ணாடியையும் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துப் போனார். சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, படிவம் 21-ஓடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தார். அலைச்சல் இருந்தது, பதிவும் ஆனது. தொட்டியை அவர் தொடவே இல்லை. கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு மரைன் பிளைவுட் பலகை, அதன்மேல் மெத்தை. நிறுத்திய இடத்தில் மட்டும் விரிக்க நான்கு வளைவுக் கம்பியும் ஒரு கித்தான் துணியும். ரோட்டில் போகும்போது அது சாமான் ஏற்றிய டிரெய்லர், அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எண் எழுத ஆள் கூப்பிடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பக்கவாட்டில் டிரெய்லரின் எண்ணையும் பின்னால் நண்பருடைய ஜீப்பின் எண்ணையும் தன் கையாலேயே எழுதினார். பெயின்ட் காயும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் பேத்தமங்களா கரை ஓரத்தில் ஜீப்பைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் முன்காலை ஊன்றி, கை பிரேக்கைப் போட்டார். கித்தானுக்குள்ளிருந்து அவருடைய பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி மழை பிடித்தது. "ஒழுகுதா சித்தப்பா?" என்று ஜீப்புக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன். பதில் இல்லை, தூங்கிப் போயிருந்தார்.