பழம்பிரதியின் விலை – 9: மேலுறை

தேடி வருகிறவர் இல்லாவிட்டால் எவ்வளவு அரிய புத்தகத்துக்கும் விலை ஏறாது. சென்ற வாரம் சொன்னது அவ்வளவுதான். இந்த வாரம் ஏலப் பதிவுகளுக்குள் போவதாக இருந்தது. அதற்குள் ஒரு காகிதம் குறுக்கே வந்துவிட்டது.

1925 ஏப்ரல் 10 அன்று நியூயார்க்கின் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் எஃப். ஸ்காட் ஃபிட்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை வெளியிட்டது. விலை 2 டாலர். முதல் அச்சில் 20,870 பிரதிகள். இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் அதை அரிய நூல் என்றே சொல்ல முடியாது. மேலுறை இல்லாத முதல் அச்சுப் பிரதி இன்றும் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கிறது. மேலுறையோடு நல்ல நிலையில் வந்த ஒரு பிரதியோ 2014இல் சதபீஸ் ஏலத்தில் 3,77,000 டாலருக்குப் போனது. நாவல் ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். கூடுதலாக இருந்தது, அட்டையைச் சுற்றியிருந்த ஒரு தாள்.

அந்தத் தாள் தப்பிப் பிழைப்பதே பெரும்பாடு. வாங்கியவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள். எறியாதவர்களிடமும் அது நிலைக்கவில்லை. மேலுறை புத்தகத்தைவிடச் சற்றே உயரம் என்பதால், அலமாரியில் செருகும்போதெல்லாம் மேல்விளிம்பு கிழிந்தது. நீலப் பின்னணியில் ஒரு ஜோடிக் கண்களும் உதடுகளும் மிதக்கும் அந்த ஓவியத்தை வரைந்தவர் ஃபிரான்சிஸ் குகாட். நாவல் எழுதி முடிவதற்கு முன்பே ஃபிட்ஜெரால்டு அதைப் பார்த்துவிட்டார். வேறு எந்தப் புத்தகத்துக்கும் அதைத் தந்துவிடக் கூடாது என்று பதிப்பாசிரியருக்குக் கடிதமும் எழுதினார். ஹெமிங்வேக்கு அது துளியும் பிடிக்கவில்லை. மேலுறையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாவலைப் படித்ததாக அவர் தன் பாரிஸ் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மேலுறையின் பின்பக்கக் குறிப்பில் 'ஜே கேட்ஸ்பி' என்ற பெயரின் முதல் எழுத்து, பெரிய எழுத்தாக இல்லாமல் சிறிய எழுத்தாக அச்சாகிவிட்டது. அதன்மேல் பெரிய எழுத்தை மையால் திருத்தி அனுப்பினார்கள். எனவே தேர்ந்த வியாபாரி முதலில் புத்தகத்தைத் திறப்பதில்லை, திருப்பிப் பார்க்கிறார். திருத்தத்தின் சுவடு தெரிந்தால் அது முதல் மேலுறை. உள்ளேயும் ஓர் அடையாளம் உண்டு: 60ஆம் பக்கத்தில் 'சாட்டர்' என்ற சொல் இருந்தால் முதல் அச்சு, அடுத்த அச்சில் அதை மாற்றிவிட்டார்கள்.

இரண்டும் பொருந்தினாலும் சோதனை முடிவதில்லை. சிதைந்த ஒரு பிரதியின் மேலுறையை எடுத்து, மேலுறை இல்லாத நல்ல பிரதிக்குப் போடுவது பழைய வழக்கம். சொல்லிச் செய்தால் குற்றமில்லை. அதற்கேற்ப விலை குறைய வேண்டும். கிழிசலை ஒட்டி வண்ணம் தீட்டியிருந்தாலும் அப்படியே. சொல்லாமல் மறைப்பது ஏமாற்று. மேலுறையின் வரலாற்றை விற்பவர் எழுத்தில் தராதவரை, லட்சங்களில் பேசப்படும் எந்த விலையையும் நியாய விலை என்று ஏற்க முடியாது.

பட்டியலில் கேட்கும் விலையும் ஏலத்தில் கைமாறிய விலையும் ஏன் எட்டாத தூரத்தில் நிற்கின்றன, ஏலத் தொகையில் வாங்குபவர் கட்டும் கட்டணம் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)