ஒரே கணினி, இரண்டு தொடக்கம்

1993ல் தோ பாயோ வீவக வீடொன்றில் ஒரே கணினி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கணக்கு வேலை, மகனுக்கு விளையாட்டு. சண்டை மூட்டுவது 640 கிலோபைட் நினைவகம்.

எம்எஸ்-டாஸ் நிரல்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இயங்கவேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை விளையாட்டுகளுக்குக் குரல் கொடுத்தது உண்மைதான். ஆனால் சிடி, சுட்டி என ஒவ்வொன்றுக்குமான இயக்கு நிரல் ஏற ஏற, விளையாட்டுக்கே இடமிருக்காது.

1993ல் வந்த டாஸ் 6 ஒரு வழி காட்டியது. ‘கான்ஃபிக்.சிஸ்’ கோப்பில் ‘மெனு’ பகுதியை எழுதினால், கணினி தொடங்கும்போதே பட்டியல் தோன்றும். தேர்ந்தெடுத்ததற்கு வேண்டிய நிரல்கள் மட்டும் ஏறும். ஒரு பட்டியலில் 9 தெரிவுகள்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் ‘சப்மெனு’: ‘விளையாட்டு’ என்பதைத் தொட்டால் ‘சிடியுடன்’, ‘சிடியின்றி’ என அடுத்த பட்டியல் விரியும்.

தெரிவின் பெயர் ‘கான்ஃபிக்’ என்ற மாறியில் பதிவாகும். ‘ஆட்டோஎக்செக்.பேட்’ கோப்பு, ‘கோட்டு’ கட்டளையால் அந்தப் பெயருள்ள இடத்துக்குத் தாவும். இங்கே கவனம் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கோப்பின் இறுதிக்குத் தாவச் சொல்லாவிட்டால், அடுத்த பகுதியின் நிரல்களும் சேர்ந்து ஏறிவிடும். மிச்சம் பிடித்த நினைவகம் போச்சு!

யாரும் விசையை அழுத்தவில்லையா? ‘மெனுடிஃபால்ட்’ வரியில் 10 நொடி என்று குறித்துவைத்தால், நேரம் முடிந்ததும் கணினி தானாக அப்பாவின் கணக்குக்கே போய்விடும்.