பிடி தளரும் செல்களும் வாய்ப்புற்றும்

புற்றுநோய் என்றாலே நமக்கெல்லாம் குலை நடுங்குகிறது. ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கட்டி முளைத்த இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் அறுத்து எடுத்துவிடலாம். அங்கிருந்து கழன்று பரவும்போதுதான் ஆபத்து முற்றுகிறது.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. அவை சிதறாமல் இருப்பது ஏன்? நாம் வெட்டும் பாலை நினைத்துப் பாருங்கள். வாளியில் ரப்பர்த் துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. ஆசிட் ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. நம் வாய்க்குள் இருக்கும் தோலின் செல்களும் இப்படி ஒட்டியே இருக்கின்றன. இங்கே ஒட்டவைப்பது ஆசிட் அல்ல, செல்லின் மேலுள்ள ஒரு புரதம். ஜப்பானிய விஞ்ஞானி மசாதோஷி தாக்கெய்ச்சி 1984-ஆம் ஆண்டு அதற்குக் 'கேட்ஹெரின்' என்று பெயரிட்டார். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இந்தப் புரதத்தால் கைகோத்து நிற்கின்றன.

வாய்ப்புற்று வந்த பலருக்கு, நோய்பிடித்த செல்களில் இந்தப் புரதம் குறைந்துபோகிறது. பிடி தளர்ந்த செல் கழன்று, நிணநீரோடு கழுத்துக்குப் போகிறது. அங்கே 'இன்டெக்ரின்' போன்ற வேறு புரதங்களால் புது இடத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. கழுத்தில் நெறி கட்டுகிறது. அதன்பிறகு வைத்தியம் கடினம். பிழைக்கும் வாய்ப்பும் குறைவு.

வெற்றிலை பாக்கு நமக்குப் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். "பொகையிலதாங்க கெடுதல், வெறும் பாக்கு என்ன செய்யும்?" என்பார்கள். அது தப்பு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் அறிவித்தது. சிகரெட்டும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆகவே தோழர்களே, மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து கன்னம், ஈறு, நாக்கின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம், கழுத்தில் கட்டி - இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க கிளினிக்குக்கோ பல் டாக்டரிடமோ உடனே போங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பலருக்கு வலிப்பதில்லை.

ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று தயங்க வேண்டாம். டாக்டர் விடுப்புச் சான்று கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. செல் கழன்று ஓடுவதற்கு முன்னே நாம் முந்திக்கொள்ள வேண்டும்.